வந்ததாகப் போட்ட கையெழுத்து

அத்தியாயம் 9

அன்றைக்குக் காலையில் சன்னாசியின் கைப்பேசியில் ஏழு விழுக்காடுதான் மீதி இருந்தது.

"இதுல சார்ஜ் இல்ல குமுதா. குத்தி வை. பத்து மணிக்குப் பசியாற வர்றப்ப எடுத்துக்கிறேன்."

கைப்பேசியை அரிசி டின் மேல் வைத்துவிட்டு, வாசலில் கிடந்த மகளின் பூட்ஸை எடுத்தார். பட்டறையில் போடுகிற, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் தட்டினார். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீட்டில், இரவெல்லாம் வெளியே கிடந்த பூட்ஸை அப்படியே காலில் மாட்ட முடியாது. தேள் இருக்கும், பூரான் இருக்கும். அன்றைக்கு ஒரு தவளைக்குஞ்சு விழுந்தது.

"உன் கூட்டாளி லா, திலகா. காலேஜுக்கு வரணுமாம்."

"ஏத்திக்குங்கப்பா. பின்னால எடம் இருக்கு."

மோட்டார் லயத்து வீடுகளைத் தாண்டி மில் ரோட்டில் திரும்பியது. குமுதவல்லி கைப்பேசியைக் குத்தி வைத்தாள்.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பத்தேகாலுக்கு, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்தார். மோட்டாரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை.

டிராக்டருக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம். தண்ணீர் கேட்டாராம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் மத்தியானம் தகனம். ஆண் பிள்ளை இல்லாத வீடு. ஒரே மகள் திலகா கொள்ளி வைத்தாள். அவர்கள் ஊரான லாபுவிலும் சுற்று வட்டாரத்திலும் அதை யாரும் குறையாகப் பேசவில்லை. பாரோயிலிருந்து வந்திருந்த சன்னாசியின் அண்ணன் வீரமுத்து மட்டும் ஒன்று சொன்னார்.

"கொள்ளி வச்சவ பதினாறு முடியிற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. பையனா இருந்தா இதைத்தானே சொல்லுவேன்? பொண்ணுன்னா மட்டும் மொறை மாறுமா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. குமுதவல்லி தலையாட்டினாள். திலகாவை யாரும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பும்போது குமுதவல்லி ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். மலாய் மொழியில், இரண்டு பக்கம். மூன்று தடவை திருத்தி எழுதினாள். கணவர் இறந்த தேதி, தகனம் நடந்த நேரம், கொள்ளி வைத்தவர் பதினாறு நாள் வீட்டை விட்டு வெளியேறக் கூடாத வழக்கம், எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, இறப்புப் பத்திரத்தின் நகலையும் வைத்தாள். அவள் வேலை பார்த்த செனாவாங் பேக்டரியில் மூன்று நாளுக்கு மேல் துக்க விடுப்பு கிடையாது என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மகளுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாள். அந்தக் கடிதத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, இந்தச் செவ்வாய்க்கிழமை, சன்னாசியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அதை இன்னும் அவள் தினமும் சார்ஜில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மதிப்பிற்குரிய துவான் சன்னாசி, என்று ஆரம்பித்தது. தங்கள் மகளின் வருகைப் பதிவு குறித்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாணவர் நலப் பிரிவுக்கு மகளோடு வரவும். அதுவரை இறுதித் தேர்வுக்கான அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது.

தேர்வு அடுத்த செவ்வாய். அதை விட்டால் இன்னொரு செமஸ்டர், இன்னும் ஆறு மாதம். ஆனால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய நிர்வாகம் கொடுத்திருந்தது மூன்று மாதம். அதில் ஒன்று போய்விட்டது. படிப்பு முடிந்தால் நீலாயில் ஒரு ஏர்கோன் கம்பெனியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை நம்பித்தான் வாடகை வீடு.

இப்படியாக அந்த வியாழக்கிழமை விடிந்தது. சன்னாசி போய் முப்பத்தோராவது நாள்.

* * *

திலகா வாசலில் உட்கார்ந்து பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"பசியாறிட்டுப் போலாம். ரொட்டி இருக்கு," என்றாள் குமுதவல்லி.

"வேணாம்மா."

"நேத்து ராத்திரியும் சாப்பிடல நீ. பயப்படாத. நான்தான் எல்லாத்தையும் லெட்டர்ல எழுதியிருக்கேனே. படிச்சா அவங்களுக்குப் புரியும்."

திலகா பூட்ஸின் கயிற்றை இழுத்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"அந்த லெட்டர்தாம்மா பிரச்சினையே."

"என்ன பிரச்சினை?"

"நான் வராத பதினோரு நாளும் எனக்கு யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் கிளாஸ்ல இருந்தேன்னு."

குமுதவல்லிக்கு முதலில் பிடிபடவில்லை. "யாரோன்னா? யாரு?"

"ஃபாத்தின்."

மகளோடு ஒரே வகுப்பில் படிக்கிற பெண்.

"எண்பது பெர்சன்ட் இல்லன்னா பரிட்சைக்கு விட மாட்டாங்கம்மா. பயந்துட்டா. என்கிட்டக்கூடச் சொல்லல. நான் திரும்பிப் போன அன்னிக்குச் சாயங்காலந்தான் சொன்னா. அதுக்குள்ள நீ குடுத்த லெட்டர நான் ஆபீஸ்ல குடுத்துட்டேன்."

"அப்ப அந்த லெட்டர நான் எழுதாம இருந்திருந்தா..."

"ஒன்னும் ஆயிருக்காது." சொல்லிவிட்டுத் திலகா உதட்டைக் கடித்தாள். "யாரும்மா உன்ன எழுதச் சொன்னா? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

குமுதவல்லி உள்ளே போய்க் கைப்பையை எடுத்தாள். அதில் சன்னாசியின் கைப்பேசியையும் போட்டாள். திலகா மோட்டாரை உதைத்தாள்.

குமுதவல்லி பின்னால் உட்கார்ந்தாள். சன்னாசி ஓட்டினால் அவர் முதுகில் சாய்ந்திருப்பாள். மகளின் முதுகு குறுகலாக இருந்தது. சாய்ந்தால் வண்டி ஆடும்.

குமுதவல்லியின் மனம் மீரா சாஹிப்பையே சுற்றி வந்தது. ஃபாத்தினுடைய தகப்பனார். செனாவாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சன்னாசி இறந்த அன்று இரவு, யாரும் சொல்லாமலே இரண்டு பெரிய கேத்தல் தேநீரும் ரொட்டியும் காடியில் கொண்டுவந்து இறக்கினார். பிணம் கிடந்த வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் குடித்தது அந்தத் தேநீர்தான். அந்த மனிதருடைய பெண்ணைத்தான் இப்போது தன் கடிதம் காட்டிக் கொடுத்திருக்கிறது.

* * *

செமஸ்டர் கடைசியில் கல்லூரிக்கே தூக்கம் வந்துவிட்டதுபோல் இருந்தது. நடைபாதையில் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து வாய் திறந்து உறங்கினார்கள். ஒருத்தி மடியில் பாதி தைத்த பாஜூ கூரோங். பேக்கரிப் பிரிவிலிருந்து கருகின வெண்ணெய் வாசனை. ஏர்கோன் பட்டறை வாசலில் நாலைந்து பேர் செம்புக் குழாயின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வருது லா! உன்னோடது லீக்!"

"எச்சி துப்பிட்டுக் குமிழிங்கிறான் பாரு!"

அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடி வந்தாள் ஃபாத்தின். தலைத்துணி நுனியைச் சட்டைக்குள் செருகியிருந்தாள். கை முழுக்க எண்ணெய்.

"ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா?"

துக்கம், பயம், குற்றம் எதுவாக இருந்தாலும் சாப்பாட்டுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை முதலில் அதைத்தான் கேட்கும். குமுதவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏம்மா இப்பிடிப் பண்ணின?"

"மூணு நாள்தான் லீவு, ஆன்ட்டி. மத்ததெல்லாம் வெட்டிருவாங்க. இவ இல்லாம நான் மட்டும் அந்தப் பட்டறையில என்ன பண்ணுவேன்? முப்பது பையனுங்க, நாங்க ரெண்டே பேரு." ஃபாத்தின் குரலைத் தாழ்த்தினாள். "அத்தாவுக்குத் தெரிஞ்சா படிப்பு போதும்னு கல்லாவுல உக்கார வச்சிருவாரு. நான் இந்தக் கோர்ஸ்ல சேர்றதுக்கே ஒரு மாசம் சாப்பிடாம கெடந்தேன்."

"நீயா? ஒரு மாசமா?" என்றாள் திலகா.

"சரி, ஒரு நாள்."

திலகா அவள் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு மாடிப்படி ஏறினாள்.

* * *

மாணவர் நலப் பிரிவு அதிகாரி புவான் நோர்லீசாவின் அறையில் ஏர்கோன் ஓடவில்லை. மேசை விசிறி ஒன்று கோப்புகளை மாறி மாறிப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. நாற்காலியிலும் கோப்புகள், தரையிலும் கோப்புகள். ஒரு ஓரத்தில் பிரித்து, பாதி சாப்பிட்டு, மறுபடி மடித்து வைத்த நாசி லெமாக் பொட்டலம்.

"மன்னிக்கணும். ஏர்கோன் சொல்லிக் கொடுக்கிற காலேஜ் இது. என் ரூம் ஏர்கோன் மூணு வாரமா வேலை செய்யல," என்று மலாயில் சொல்லிவிட்டு, நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. குமுதவல்லியை அக்காளைக் கூப்பிடுவதுபோல் 'காக்' என்று கூப்பிட்டார்.

"காக், இந்தக் கடிதம் நீங்க எழுதினதா?"

"நான்தான்."

"ரெண்டு தடவை படிச்சேன். பதினாறு நாள் இந்தப் பிள்ளை வீட்டை விட்டு வரலன்னு எழுதியிருக்கீங்க. உண்மைதானே?"

"உண்மைதான்."

நோர்லீசா கடிதத்துக்குப் பக்கத்தில் மூன்று தாள்களை வைத்தார். வருகைப் பதிவுத் தாள்கள். திலகாவின் பெயருக்கு நேராகப் பதினோரு கட்டங்களிலும் கையெழுத்து இருந்தது. மகள் வழக்கமாகக் கோழி கிளறினதுபோல் போடுவாள். இது சீராக, அழகாக, ஒரே அளவில் இருந்தது.

"அப்போ இது?"

"நான்தான் போட்டேன், புவான்," என்றாள் திலகா.

குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். மகளின் முகத்தில் அசைவே இல்லை.

"பதினாறு முடிஞ்சு திரும்பி வந்த அன்னிக்கு, தாள் மேசை மேல இருந்துச்சு. காலியா இருந்த எடத்துல எல்லாம் போட்டுட்டேன்."

"தெரிஞ்சுதான் சொல்றியா? பொய்க் கையெழுத்துன்னா தேர்வு கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையும் வரும்."

"தெரியும்."

"காக், நீங்க என்ன சொல்றீங்க?"

உண்மையைச் சொன்னால் மீரா சாஹிப்பின் பெண் போவாள். சொல்லாவிட்டால் தன் பெண் போவாள். இரண்டு பக்கம் திருத்தித் திருத்தி எழுதத் தெரிந்தவளுக்கு இப்போது ஒரு வரி வரவில்லை. "இவ கையெழுத்து இவ்வளவு அழகா இருக்காது, புவான்," என்று மட்டும் சொன்னாள்.

நோர்லீசாவின் உதட்டோரம் லேசாக இழுத்தது. தொலைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

வந்தவர் பட்டறை விரிவுரையாளர் புனிதன். கழுத்தில் கேஸ் அளக்கிற குழாயைத் துண்டுபோல் மாட்டியிருந்தார். குமுதவல்லியைப் பார்த்ததும், "வாங்கக்கா," என்று தமிழில் சொல்லிவிட்டு, சுவரோரமாக நின்றார். தகனத்துக்கு வந்திருந்தவர். கல்லூரிச் சட்டையோடு, கடைசி வரிசையில் நின்றது அவளுக்கு நினைவிருந்தது.

திலகா சொன்னதை நோர்லீசா அவரிடம் திருப்பிச் சொன்னார். "இப்படி நடந்திருக்குமா?"

புனிதன் திலகாவைப் பார்த்தார். திலகா பூட்ஸைப் பார்த்தாள்.

"நடந்திருக்காது, புவான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகைத் தாளை இங்க கவுண்டர்ல குடுத்துடுவேன். பின்னால தேதி முத்திரை இருக்கும் பாருங்க. முதல் ரெண்டு தாளும் இந்தப் பொண்ணு திரும்பி வர்றதுக்கு முன்னாடியே உங்க கைக்கு வந்தாச்சு."

நோர்லீசா தாளைத் திருப்பினார். முத்திரை இருந்தது. திலகாவின் கழுத்து மெல்லக் குனிந்தது.

"அடியில சரிபார்த்ததா ஒரு கையெழுத்து இருக்கே?"

"அது என்னோடது." புனிதன் கழுத்திலிருந்த குழாயைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். "புதன்கிழமை மத்தியானம் நான் சுடுகாட்டுல நின்னேன், புவான். இவ கொள்ளி வச்சதப் பாத்தேன். வெள்ளிக்கிழமை தாளை எடுத்தா, அதே புதன்கிழமைக்கு இவ கையெழுத்து இருக்கு. கண்ணுல படாம இல்ல. பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அடுத்த வாரமும் விட்டுட்டேன்."

"யார் போட்டதுன்னு தெரியுமா?"

"பாக்கல. பாக்கக் கூடாதுன்னே அந்தப் பக்கம் திரும்பல."

நோர்லீசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று குமுதவல்லி நினைத்தாள். அவர் குரல் உயரவே இல்லை.

"எல்லாரும் இந்தப் பிள்ளைக்கு உதவிதான் செஞ்சிருக்கீங்க. என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு பிள்ளை தொடர்ந்து மூணு நாள் வரலன்னா, பேரு தானா என் லிஸ்டுல வந்துரும். நான் போன் பண்ணுவேன். எடுக்கலன்னா வீட்டுக்கே போவேன். போன செமஸ்டர்ல ஜெலுபுவரைக்கும் போனேன். விடுப்பை நீட்டிக் கொடுக்கலாம், பாடத்தை வீட்டுக்கு அனுப்பலாம், ஒண்ணும் முடியலன்னா கூட உக்காந்து பேசவாவது செய்யலாம். அதுக்குத்தான் எனக்கு இந்த மேசை." திலகா பக்கம் திரும்பினார். "உன் பேரு வரவே இல்ல. தாளைப் பொறுத்தவரைக்கும் உனக்கு ஒண்ணுமே நடக்கல. தினமும் வந்துட்டிருந்த."

திலகா கையால் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினாறு நாள் எப்படி இருந்துச்சு உனக்கு?"

இந்தக் கேள்வியை முப்பத்தொரு நாளில் யாராவது அவளிடம் கேட்டார்களா என்று குமுதவல்லி யோசித்துப் பார்த்தாள். சாப்பிட்டியா என்று கேட்டார்கள். குளிச்சியா என்று கேட்டார்கள்.

"தூங்கல," என்றாள் திலகா. "குழாய் வளைக்கிறது மறந்துரும்னு பயமா இருந்துச்சு. அதுல கை தப்புனா செம்பு நசுங்கிடும், பரிட்சையில அதுதான் மொத வேலை. வீட்டுல குழாய் இல்ல. துணி மாட்டுற கம்பியை எடுத்து வளைச்சுப் பாத்துட்டிருந்தேன்."

குமுதவல்லி அந்தக் கம்பிகளைப் பார்த்திருந்தாள். அலமாரியில் மூன்று கம்பிகள் வாத்துக் கழுத்துப்போல் வளைந்து கிடந்தன. பத்தாம் நாள் அதைப் பார்த்துவிட்டு வீரமுத்து, "துக்க வீட்டுல என்ன வெளையாட்டு?" என்று அதட்டினார். "அதானே, கீழ போடுடி," என்று இவளும் சேர்ந்துகொண்டாள்.

"கிளாசுக்கு வரணும்னு இருந்துச்சா?"

திலகா அம்மாவைப் பார்க்கவில்லை. "இருந்துச்சு, புவான்."

"சொன்னியா வீட்டுல?"

"அப்பாவுக்குச் செய்றதுன்னு சொன்னாங்க. அதுக்கு மேல எப்பிடிச் சொல்றது?"

மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்பி, கடிதத்தின் முனையைத் தூக்கிவிட்டுப் போனது. குமுதவல்லி அதைக் கையால் அமர்த்தினாள். எழுத்தெல்லாம் நேராகத்தான் இருந்தது. கொள்ளி வைத்தவர், வழக்கம், பதினாறு நாள். மகள் என்ன நினைத்தாள் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

"புவான்," என்றாள். மலாய் தடுமாறியது. "வீட்டுல இருக்கச் சொன்னது நாங்க. அவ கேக்கல. அதையும் அந்தக் கடிதத்துல சேத்துக்க முடியுமா?"

நோர்லீசா பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். குமுதவல்லி இரண்டாம் பக்கத்தின் அடியில், இருந்த கொஞ்சம் இடத்தில் எழுதினாள். இந்த முறை திருத்தவில்லை.

"மூணு மணிக்குக் கமிட்டி கூடுது. பதினோரு கையெழுத்தையும் அடிச்சுடுவேன். வராத நாள் வராத நாள்தான். மூணு நாள் விதிப்படி போகும். மீதி எட்டு நாளைத் துக்க விடுப்பா எடுத்துக்கச் சொல்லிக் கேப்பேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். அஞ்சு மணிக்குள்ள செய்தி வரும்." பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல். "கையெழுத்துப் போட்ட ஆளோட பேரை இன்னைக்கு நான் கேக்க மாட்டேன். திங்கக்கெழமைக்குள்ள தானா வரணும். வந்தா உக்கார வச்சுப் பேசுவேன். வரலன்னா தேடுவேன். அழகான கையெழுத்து, கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல."

புனிதன் தானும் ஒரு அறிக்கை எழுதித் தருவதாகச் சொன்னார். "எழுதுங்க. இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்றார் நோர்லீசா.

* * *

கீழே கவுண்டரில் குமுதவல்லி நின்றாள். இத்தனை நாள் செய்யாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த வேலை ஒன்று.

"பாதுகாவலர் பேரும் போன் நம்பரும் மாத்தணும். அவங்க அப்பா பேருல இருக்கு."

கவுண்டரில் இருந்த பெண் விசைப்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு உதடு பிதுக்கினாள். "செமஸ்டர் முடியுது, காக். சிஸ்டத்தைப் பூட்டியாச்சு. அடுத்த செமஸ்டர் தொடங்கினதும் வாங்க, மாத்திடலாம்."

"எனக்கு அடுத்த செமஸ்டர் இல்லையே," என்றாள் திலகா. "பாஸ் பண்ணிட்டா இதோட முடிஞ்சுது."

"அப்போ அப்படியே இருக்கும். வேற வழி இல்ல."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கட்டும்," என்றாள் குமுதவல்லி.

மோட்டார் நிறுத்துமிடத்தில் ஃபாத்தின் காத்திருந்தாள். மூன்று பிளாஸ்டிக் பையில் தே ஐஸ், குளிர்ந்த தேநீர், கயிறு கட்டி, விரலில் மாட்டியிருந்தாள். திலகா நடந்ததைச் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும், அது எவ்வளவு நேரம் நிலைத்தது என்பதையும் சொன்னாள்.

"லூசாடி நீ? உன்ன யாரு ஒத்துக்கச் சொன்னா?"

"உன்ன யாரு கையெழுத்துப் போடச் சொன்னா?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு ஃபாத்தினுக்குத்தான் முதலில் அழுகை வந்தது. எண்ணெய்க் கையால் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு.

"திங்கக்கெழமை நான் போறேன், ஆன்ட்டி. ஆனா அதுக்கு முன்னாடி அத்தாகிட்டச் சொல்லணும். காலேஜ்லேருந்து போன் போய் அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கெழம கடைக்கு வருவீங்களா? நீங்க இருந்தா அத்தா கத்த மாட்டாரு."

மீரா சாஹிப்புக்குத் தேநீர்க் கேத்தல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் பாக்கி. கழுவிக் கவிழ்த்தபடி சமையலறையில் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு போய், தேநீருக்கு நன்றி சொல்லி, அடுத்த வார்த்தையாக இதை எப்படிச் சொல்வது?

"வர்றேன்," என்றாள். கத்துவாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

* * *

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை அரிசி டின் மேல் வைத்துக் குத்தினாள். திலகா அலமாரியைத் திறந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்து, வாசலில் உட்கார்ந்து நிமிர்த்தினாள். நிமிர்த்தி, மறுபடி வளைத்தாள். குமுதவல்லி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் மீதி இரண்டு கம்பிகளையும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"கை தப்புனா நசுங்குமா?"

"ம். இந்த எடத்துலதான். பெருவிரல இங்க வச்சுக்கணும்." திலகா அம்மாவின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

ஐந்து மணி ஆயிற்று. மில்லின் சங்கு ஊதியது. செம்பனைக் கொத்து ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. திலகாவின் கைப்பேசி மடியில் பேசாமல் கிடந்தது.

ஐந்து ஏழுக்கு, உள்ளே, அரிசி டின் அதிர்ந்தது.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பாவுக்குத்தான் வந்திருக்கு," என்றாள் திலகா.

குமுதவல்லி போய் எடுத்தாள். வயர் நீளம் போதவில்லை. நின்ற இடத்திலேயே, மகளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய துவான் சன்னாசி. தங்கள் மகள் திலகா இறுதித் தேர்வு எழுத அனுமதிக்கப்படுகிறார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. பாதுகாப்புக் காலணி கட்டாயம். மகள் நேரத்தோடு வந்து சேர்வதைத் தாங்கள் உறுதி செய்யவும்."

வாசலில் கம்பி கீழே விழுகிற சத்தம் கேட்டது. திலகா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை.

குமுதவல்லி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து வந்து கைப்பேசியை மறுபடி டின் மேல் வைத்தபோது, செய்தி இன்னும் திறந்தே இருந்தது. அதன் அடியில், முன்பு வந்த செய்திகளில் இருந்ததுபோலவே, ஒரு வரி இருந்தது.

பாதுகாவலர்: சன்னாசி.